எந்த ஊருன்னு எழுதட்டும்?

காரைக்குடிக்கு வந்த மூன்றாம் நாள். ஜூன் மாத வெயில். தரகர் எழுதிக் கொடுத்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு கழனிவாசல் பக்கம் வீடு தேடி நடந்துகொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கி, முன்பின் தெரியாத என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னத்தா, பசியாறியாச்சா?"

அப்படியே நின்றுவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். காலைச் சாப்பாட்டுக்கே எங்களிடம் 'பசியாறல்' என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் இந்தச் சொல் செல்லாது, 'டிபன்' என்று சொல்லிப் பழகிக்கொள் என்று தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திருச்சியில் இறங்கிய அன்று காலை ஓட்டலில் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதற்கு, பரிமாற வந்த தம்பி புரியாமல் முழித்தார். அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வந்தால் அதே சொல் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் காலைப் பலகாரம் சாப்பிடுவது இன்றைக்கும் பசியாறுவதுதான். சாயங்காலம் கொடுப்பது இடைப்பலகாரம்.

"இன்னும் இல்லைங்கம்மா" என்றேன். உள்ளே கூப்பிட்டு நாலு இட்லி வைத்தார். அவருடைய பெயரை அடுத்த வாரம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மூன்று கல்வியாண்டு முடிந்திருக்கிறது. அதற்கு முன் கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் எட்டு ஆண்டு. ஏன் வந்தாய் என்று இரண்டு நாட்டிலும் கேட்கிறார்கள். என் தாத்தா ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1936இல் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி, கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்க, போனவர். திரும்பி வரவே இல்லை. அவருக்காக இரண்டு ஆண்டு இங்கே இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் விசா தொல்லை இல்லை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி வேலை பார்க்கலாம், வாடகைக்கு வீடு எடுக்கலாம்.

வாடகை வீடு என்பது சட்டத்தில்தான் அவ்வளவு சுலபம். ஐந்து வீடு பார்த்தேன். ஒருவர் "தனியாளா?" என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்தினார். இன்னொருவர் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு ஆளுக்கு வீடு கொடுத்தால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டிவரும் என்றார். தமிழிலேயே பேசி, தமிழிலேயே 'வெளிநாட்டு ஆள்' என்று கேட்டுக்கொள்வது நெஞ்சில் ஒரு மாதிரி வலிக்கும். கடைசியில் அந்த இட்லி அம்மாவே ஒரு மாடி வீட்டைக் கைகாட்டினார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். வெளியூரில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கஷ்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் ஞாயிறு காலையில் துணி துவைப்பேன். பத்து மணிக்குக் கல்லுக்கட்டிப் பக்கம் போய்க் காய்கறி வாங்குவேன். கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து ஒரு பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்தால் மணி ஒன்றுகூட ஆகியிருக்காது. அம்மாவுக்குப் போன் செய்ய மனசு பறக்கும். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற கடிகாரம். நான் இங்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏழரைக்குக் கூப்பிட்டால் அங்கே மணி பத்து, அம்மா தூக்கக் கலக்கத்தில் பேசுவார். அதனால் மதியமே பேசிவிடுவேன். அதன் பிறகு ராத்திரி வரைக்கும் ஒரு குரல் கிடையாது.

எங்கள் ஊரில் நாலு பேர் சந்திக்க வேண்டுமென்றால் கடைக்குப் போவோம். ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ சொல்லிவிட்டு, பெண்கள் மட்டுமே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் டீ வாங்கி நின்று குடித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் அது செய்தியாகியிருந்தது. கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீ குடிக்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்க டீச்சர், அங்கல்லாம் ஏன் நிக்கிறீக?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பெண் தெருவில் நின்று நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடிய வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் என் மனம் மாறவில்லை.

ஆனால் 'வீட்டுக்கு வாங்க' என்று அவர் சொன்னதற்கு முழு அர்த்தம் இருந்தது. இந்தச் சீமையில் வெளியே போவது என்றால் இன்னொருவர் வீட்டுக்குள்ளே போவது என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு அவர் வீடு. அதற்கடுத்த ஞாயிறு அவர் நாத்தனார் வீடு. பிறகு அறிவியல் டீச்சர், அவருடைய அக்கா, அக்காவின் சம்பந்தி. ஆடி மாதம் ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் கும்மாயம் சாப்பிட்டேன். உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் நெய் விட்டுக் கிண்டியது. கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கைவலிக்கக் கிண்ட வேண்டும். மூன்றாவது வீட்டில் என்னையும் கிண்ட விட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை ஐந்தாறு டீச்சர்களாக ஆட்டோ பேசி ஆத்தங்குடி போனோம். தரைக்கல் செய்கிற கொட்டகையில் ஒரு அண்ணன், கண்ணாடித் தட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றினார். அச்சைத் தூக்கினார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல் பூவாக நின்றன. மேலே காய்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் பூசி இழுத்துவிட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறும். எடுத்துக் காயவைக்கும்போது கண்ணாடி தானாக விலகும், பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடும். சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. முப்பது வருடமாக அதே இடத்தில் குந்தி உட்கார்ந்து வேலை செய்பவராம். அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு அறிவியல் டீச்சர் தைலம் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். திரும்பும்போது காணாடுகாத்தானில் இறங்கி அரண்மனை வீட்டை வாசலிலிருந்து பார்த்தோம். அவ்வளவுதான் பார்த்தோம் என்று எனக்குக் குறையே இல்லை. பூட்டிய வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய வருகிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றில் மணையைப் போட்டு உட்கார வைத்து யாராவது பலகாரம் கொடுத்தால்தான் செட்டிநாடு எது என்று தெரியும்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். அடுக்கடுக்காக எனாமல் தூக்குச் சட்டிகள். வெள்ளையும் நீலமும், பூப் போட்டது. என் பாட்டி தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோன அதே மாதிரி. யார் எந்தக் கப்பலில் கொண்டுவந்து எந்தப் பெண் கையில் கொடுத்தாரோ, விலைச்சீட்டு ஒட்டிக் காத்திருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதல் ஆண்டு தை மாதத்தில் கணக்கு டீச்சரின் தம்பிக்குப் புதுவயலில் கல்யாணம். எங்கள் நாட்டில் கல்யாணத்துக்குப் போனால் உறையில் பணத்தைப் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவோம். இங்கே பந்தல் வாசலில் ஒரு மேசை. ஒருவர் முன்னால் நீள நோட்டு, இன்னொருவர் முன்னால் பணப்பெட்டி. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: சாக்கோட்டை, இன்னார், ஐந்நூற்றொன்று. மித்ராவயல், இன்னார், இருநூற்றொன்று. ஊர் முதலில், பேர் பிறகுதான். என் முறை வந்தது.

"எந்த ஊருன்னு எழுதட்டும்?"

"கழனிவாசல்" என்றேன்.

பக்கத்தில் நின்ற டீச்சரின் அப்பா குறுக்கே வந்தார். "அது குடியிருக்கிற எடம். சொந்த ஊரச் சொல்லுங்க டீச்சர். நாளைக்கு ஒங்க வீட்டுல ஒரு விசேஷம்னா நாங்க நோட்டப் பாத்துத்தான வரணும்?"

"சுங்கைப்பட்டாணி" என்றேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தவில்லை. ஒரு நொடி யோசித்து, "பட்டாணிக்கு ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழியா?" என்றுதான் கேட்டார். மூணு சுழி என்றேன். மித்ராவயலுக்கு அடுத்த வரியில், அதே கோணல் எழுத்தில், சுங்கைப்பட்டாணி ஏறியது. அன்றைக்கு மண்டபத்தில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

வகுப்பில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில், இவன் கோட்டையூரில் பாட்டி வீட்டில். வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறான் என்று பேசப் போன இடத்தில்தான் ஆச்சியைப் பார்த்தேன். பையனுடைய கொள்ளுப்பாட்டி. எண்பத்தேழு வயது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டுமென்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர், கல்லூரிகளைக் கட்டியவர். ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்து இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிற புத்தகங்கள் எல்லாம் இந்த ஊரில்தான் ஒரு வீட்டில் இருந்தன. ஆச்சி இதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி சொல்வார்.

வீடு எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பாத்தியப்பட்டது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெரு மாறித் தெரு வரைக்கும் போகும். வளவைச் சுற்றியிருக்கிற அறைகளில் ஆறு பூட்டியே கிடக்கின்றன. ஒவ்வொரு பூட்டும் ஒரு பங்காளி குடும்பம். முதல் நாள் ஆச்சி என்னைப் பட்டாலை என்கிற கூடத்தில் உட்கார வைத்து, "எந்த ஊரு?" என்றார். சுங்கைப்பட்டாணி என்றதும் கேட்டார்: "தைப்பிங்குக்குப் பக்கமா?"

அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலாயாவில் தைப்பிங்கில் லேவாதேவிக் கடை ஏஜெண்டு. ஒரு முறை போனால் மூன்று வருடக் கணக்கு. கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு ஊர் வந்து கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். பெண்களும் பிள்ளைகளும் இங்கேயே இருப்பார்கள். ஆச்சிக்கு இரண்டு வயது இருக்கும்போது போனவர், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததில் மாட்டிக்கொண்டார். 1941 டிசம்பரிலிருந்து கடுதாசியும் இல்லை, பணமும் இல்லை. சண்டை முடிந்து 1946இல் வந்து சேர்ந்தார். "பட்டாலையில ஒருத்தர் ஒக்காந்திருக்காக, எளச்சுப்போயி. யாரோ விருந்தாளின்னு நெனச்சுக்கிட்டு, பசியாறுறீகளான்னு கேட்டேன். ஆத்தா அடுப்படியில நின்னு அழுதாக."

இதைச் சொல்லிவிட்டு ஆச்சி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "தைப்பிங்ல தெனமும் மழ பேயும்னு கடுதாசில எழுதுவாகளாம். நெசந்தானா?" நிஜம்தான். எங்கள் பக்கத்திலேயே அதிக மழை பெய்கிற ஊர் அது. மதியத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும், ஏரிக்கரையில் பெரிய மரங்கள் கிளையைத் தண்ணீரில் சாய்த்துக்கொண்டு நிற்கும் என்று சொன்னேன். ஓட்டிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற தகரக் குழாய்களை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மழை பெய்தால் அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிக்கிற சீமை இது.

அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு ஆச்சி வீட்டில். ஒரு நாள் கவுனி அரிசி செய்திருந்தார். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஆவியில் வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறியது. கறுப்பு என்று சொல்ல முடியாது, நாவல்பழக் கறை மாதிரி ஒரு நிறம். எங்கள் ஊரில் இதே அரிசியைக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றிக் குடிப்போம், புலுட் ஹித்தாம் என்று மலாய்ப் பெயர். வாயில் வைத்ததும் பாட்டி ஞாபகம் வந்து, பேச்சு எங்கோ போய்விட்டது. என் தாத்தாவும் கடல் கடந்து போனவர்தான், ஆனால் ஏஜெண்டாகப் போகவில்லை, தோட்டக் கூலியாகப் போனார் என்று சொன்னேன். பாட்டி அவசரத்துக்குத் தாலிச் சங்கிலியை ஒரு செட்டியார் கடையில் வைத்துக் கடன் வாங்கியதையும், ஒவ்வொரு சம்பளத்திலும் இத்தனை வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) வட்டி என்று எண்ணி எண்ணிக் கட்டியதையும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன் என்று உறைத்தது.

ஆச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "கடன் அடஞ்சிருச்சா?"

"அடஞ்சிருச்சு ஆச்சி. சங்கிலி திரும்பி வந்துச்சு. அம்மா கழுத்துல இருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நெய்க் கிண்ணத்தை எடுத்து என் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். "ரெண்டு பேரும் ரஜுலாக் கப்பல்லதான் போயிருப்பாக" என்றார். அதுவரைக்கும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று வாசல்வரை வந்து, "பாத்துப் போத்தா" என்றார்.

இரண்டாம் ஆண்டு தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடிக்குக் கூட்டிப் போனார்கள். பினாங்குப் பூசம் பார்த்து வளர்ந்தவள் நான். செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலை நோக்கி நகர, சாலை முழுக்கச் சீனர்களும் சேர்ந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பார்கள். குன்றக்குடியில் நகரத்தார் காவடிகள் ஒன்றுகூடிப் பழனிக்கு நடந்து போகின்றன. திரும்புவதும் நடைதான். சத்தம் குறைவு, நடை அதிகம். சாலையோரத்தில் ஒரு பந்தலில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்ற என் கையில் அறிவியல் டீச்சரின் அக்கா சொம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நரைத்த தாடியோடு ஒரு ஐயா டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்து, நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துத்தா" என்றார். மதியம் வரைக்கும் ஊற்றினேன். கழுத்து வெந்துபோயிற்று. அம்மாவுக்குப் போன் செய்து காவடிச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

பங்குனியில் கம்பன் விழா. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி வைத்த ஊர் இது. பினாங்கில் 1816இல் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியதை நாங்கள் மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். மேடைத் தமிழ் எங்களுக்கு அரிசிச்சோறு மாதிரி. மூன்று ஆண்டும் தவறாமல் போய் உட்கார்ந்திருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு விழா தொடங்கியதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோனது.

எல்லா நாளும் இப்படியில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வாரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த விமானத்துக்குச் சீட்டு பார்த்துப் பார்த்து மூடினேன். தீபாவளிக்கு மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததும் உண்டு. கீழ்வீட்டம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் சீப்புச்சீடையை வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஏப்ரலில் பரீட்சை முடிந்து, விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் கோட்டையூர் போனேன். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறார். பையன் இப்போது எட்டாம் வகுப்பு முடித்துவிட்டான், ஆச்சிக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறான். நான் போய் உட்கார்ந்ததும் விரல்விட்டு எண்ணினார்.

"மூணு வருசம் ஆச்சே. கணக்கு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு ஆச்சி. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது வந்துருவேன்."

"வாறதுக்குச் சீட்டு எடுத்துட்டியா?"

எடுக்கவில்லை. போகிற சீட்டை மட்டும்தான் எடுத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் பையனைக் கூப்பிட்டு, உள்ளே தலைமாட்டில் இருக்கிற சின்னப் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். கோடாலித் தைலம். அடியில் இரண்டு சொட்டு இருந்தது. மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

"அப்பச்சி வாங்கிட்டு வருவாக. நீ வரும்போது பெரிய பாட்டிலா ரெண்டு வாங்கிட்டு வா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எதுத்த வீட்டு ஆச்சிக்கு. அவ கேக்க மாட்டா, கூச்சப்படுவா."